இடது மரை

வர மாட்டேங்குது. ஸ்பேனரைப் போட்டு உடம்பு மொத்தத்தையும் சாய்ச்சுப் பாத்தாச்சு, அசைய மாட்டேங்குது. இந்தப் பழைய பெடல் ரெண்டும் கழண்டுட்டா மிச்சம் அரை மணி நேர வேலை. சக்கரம் மாட்டியாச்சு, டயர் ஏத்தியாச்சு, ரெண்டு பிரேக்குக்கும் புதுக் கம்பி போட்டு இழுத்துப் பாத்தாச்சு, புது பெடல் ஜோடி பேப்பர் பிரிக்காம பக்கத்துல உக்காந்திருக்குது, எல்லாம் ஆன பொறகு இந்தச் சனியன் மட்டும் உசுரை வாங்குது. மணி பத்தே கால். பத்து மணி மாத்திரையை அவர் முழுங்கினதை நானே நின்னு பாத்தேன். பத்தே முக்காலுக்குக் கை கால் இளகும். இளகினா ஒரு மணி நேரம், நல்ல நாளா இருந்தா இன்னொரு கால் மணி, அப்புறம் மறுபடி கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுவாரு. அதுக்குள்ள வண்டியை நிமித்தி, அவரை ஏத்தி உக்கார வெச்சு, தெருக் கோடி வேப்பமரம் வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்ட வெச்சுப் பாத்துடணும். ஏன்னா பன்னண்டு மணிக்குத் தாரணி வந்துருவா. என்ற மக. ஓசூர்ல இருந்து அவளும் மாப்பிள்ளையும் கார்ல வர்றாங்க, டிக்கியில அவங்கப்பாவுக்கு ஒரு சக்கர நாற்காலி வருது. நேத்து போட்டோ அனுப்பியிருந்தா. நீல சீட்டு, மடக்கலாமாம், எடையே இல்லையாம். ரொம்ப நல்லா இருக்குது கண்ணுன்னு பதில் போட்டேன், போட்டுட்டுப் போனைக் கவுத்து வெச்சேன். அது வீட்டுக்குள்ள வந்துட்டா அவர் எந்திரிக்க மாட்டாரு. இருபத்தெட்டு வருசம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? உக்காருங்கன்னு சொன்னா உக்காந்துக்கற மனுசன் அவர்.

சரி, வேற மாதிரி பாப்போம். டீசல் விட்டாச்சு, தேங்காயெண்ணெய் விட்டாச்சு, சுத்தியில நாலு தட்டுத் தட்டியாச்சு. பன்னண்டு வருசம் பீளமேட்டுல பம்பு மோட்டாருக்குக் காயில் சுத்தின கை இது. சுத்து மாறிட்டா மோட்டார் திரும்பி ஓடும், தண்ணி மேல ஏறாது. ஒரு நாளும் மாத்திச் சுத்தினதில்லை நான். சைக்கிள்ல எடது பெடல் மட்டும் தலைகீழ் மரைங்கறது எனக்குத் தெரியாதா என்ன? கல்யாணமான புதுசுல அவரே சொன்னதுதான். ஊர்ல இருக்கற நட்டு போல்ட்டெல்லாம் கடிகார முள்ளுக்கு எதிரா சுத்தினா கழலும், எடது பெடல் மட்டும் முள்ளு போற பக்கமே சுத்தினாத்தான் கழலும், இல்லாட்டி மிதிக்க மிதிக்கத் தானாக் கழண்டு நடுரோட்டுல விழுந்துடும் புள்ளன்னாரு. லேத்துல மரை வெட்டறவரு, சோறு திங்கறப்பவும் மரை பேச்சுதான். அதனாலதான் ஏழரையான எடதை அப்புறம் வெச்சுக்கலாம், சுலபமான வலதை முதல்ல முடிச்சுடலாம்னு, வண்டியை வாசல்ல தலைகீழாக் கவுத்து, பின்சக்கரத்துப் பக்கம் நின்னு, என்ற வலது கைப் பக்கம் இருக்கறதுல ஆரம்பிச்சேன். சுலபமானதே இந்த லட்சணத்துல இருந்தா மத்தது எப்படி இருக்கும், அடக் கெரகமே, நினைக்கவே வேண்டாம். ஒண்ணை முடிச்சுட்டு ஒண்ணு.

இந்தப் பழைய பெடலையே வெச்சுக்கிட்டா என்ன? கூடாது. பிளாஸ்டிக் எல்லாம் உடைஞ்சு வெறும் கம்பிதான் நிக்குது, அவருக்கு எடது கால் எப்பவும் அரை நொடி பிந்தி வரும், கம்பியில வழுக்கினா கால் நேரா சக்கரத்துக்குள்ள. வேண்டாம் சாமி. பெடல்தான் நான் புதுசா வாங்கினது, அதும் பிரேக்குக் கம்பியும். மிச்சமெல்லாம் அங்க இங்க பொறுக்கினது. டயர் உக்கடம் பழைய சந்தையில, அதும் ரெண்டு தடவை. இருபத்தாறுன்னு எழுதியிருந்துச்சு, நம்ம வண்டியும் இருபத்தாறு, எடுத்துட்டு வந்தா ரிம்முல ஏறவே மாட்டேங்குது. இருபத்தாறுல எத்தனை இருபத்தாறு இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சீட்டு, பிசியோ சொல்லிக் குடுக்கற ரெஜினா குடுத்தது, அவங்க ஆஸ்பத்திரியில ஓரங்கட்டின உடற்பயிற்சி சைக்கிளோடது, குஷனா இருக்குது. கியர் பதினெட்டுல பதினேழைத் தலை முழுகியாச்சு, செயினை வெட்டிக் குறுக்கி ஒரே பல்லுல ஓடற மாதிரி பண்ணியாச்சு, மலையா ஏறப் போறாரு. ஹேண்டில்பார் துருவை எப்படி எடுத்தேன் தெரியுமா, மாத்திரை அட்டைக்குப் பின்னால ஒட்டியிருக்குமே வெள்ளித் தாள், அதைத் தண்ணியில நனைச்சுத் தேச்சேன். மாசம் எட்டு அட்டை காலியாகற வீடு, தாளுக்குப் பஞ்சமா? மாத்திரை போக மிச்சம் இருக்கறதுலதான் எங்க வீட்டுல எல்லாமே, வண்டியும் அப்படித்தான். தேச்ச இடம் பளிச்சுன்னு வந்துச்சு, என்ற மூஞ்சி தெரிஞ்சுது, தெரிஞ்சதும் தேய்க்கறதை நிறுத்திட்டேன். அம்பத்தொரு வயசுக்கு இந்த மூஞ்சி கொஞ்சம் அதிகம்தான்.

உள்ள அவர் என்னமோ சொல்றாரு. வாசக்கதவுக்கு நேரா ஹால்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கேன், வெளிச்சத்துல இருந்து பாத்தா அவர் உருவம் மட்டும்தான் தெரியுது. "என்னங்க? தண்ணியா?" பதில் வருது, எனக்குத்தான் வரலை. அவர் குரல் அப்படி ஆயிடுச்சு, தொண்டையில பஞ்சை அடைச்ச மாதிரி, பக்கத்து வீட்டு மிக்சி ஓடினாப் போதும், அடங்கிப் போயிடும். "கேக்கலைங்க, இருங்க, வர்றேன்." வலது கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பறாரு. ஆடுது. மாத்திரை இன்னும் இறங்கலை போல. ஆடறது கொறைஞ்சாத்தான் ஏத்த முடியும். இன்னும் பத்து நிமிசம் போகட்டும். காலையில இட்லியோட குடுத்தது தப்போ? வெறும் வயித்துல குடுங்கன்னு ரெஜினா சொன்னாங்க, பசிக்குதுன்னு மொகத்தைப் பாத்துக் குடுத்துட்டேன். மொகத்தைப் பாத்து. அந்த மொகத்துல என்ன தெரியுதுன்னு குடுத்தேன்?

அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாதுன்னுதான் காலையில இருந்து கையில ஸ்பேனரைப் பிடிச்சிருக்கேன். சீக்குன்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னால ரெண்டு வருசம் அந்த மொகத்தோட நான் சண்டை போட்டேன். சிரிக்க மாட்டாரு. எதுக்கும் சிரிக்க மாட்டாரு. என்ற தங்கச்சி மக கல்யாணத்துல முன் வரிசையில உக்காந்துக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தாரு, நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதை பத்தலையோன்னு எங்க சித்தப்பா வந்து என்னைக் கேட்டாரு, எனக்கு மானம் போச்சு. சிரிச்சா முத்து உதிர்ந்துருமான்னேன் வீட்டுக்கு வந்து. ஒரு வாரம் பேசலை. அவரும் பேசலை, அவர் பேசினது எனக்குக் கேக்கலையோ என்னமோ, யாரு கண்டா. இன்னொரு நாள் கூடச் சொன்னேன், இந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு வாழறதுன்னு. சட்டைப் பித்தான் போட்டுக்கிட்டு இருந்தாரு, ஒரு பித்தானுக்கு அஞ்சு நிமிசம், வேணும்னே பண்றாருன்னு நினைச்சேன். அப்புறம் டாக்டர் சொல்றாரு, இந்த நடுக்குவாத நோவுல மொகத்துத் தசை இறுகிடும்மா, உள்ளுக்குள்ள சிரிச்சாலும் வெளிய வராதுன்னு. உள்ளுக்குள்ள சிரிச்சாரா? கல்யாணத்துல சிரிச்சாரா? இந்நேரம் வரைக்கும் அவர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கலை நான், ரசம் கேட்டா ரசம் ஊத்தறேன், மாத்திரை குடுக்கறேன், மன்னிப்பு மட்டும் வாய்க்கு வர மாட்டேங்குது, இந்தப் பெடலை மாதிரி.

குழாய் ஒண்ணு இருக்குதே, பழைய கைப்பம்புக் குழாய். ஸ்பேனர்ல சொருகினா நீளம் வரும், நீளம் வந்தா பலம் வரும். இரு. இதோ. ஏலேலோன்னு இழு. முனகுது. கொஞ்சம் நகந்துச்சா? நகந்த மாதிரி இருந்துச்சு. இல்லை, ஸ்பேனர்தான் நகந்திருக்குது. போன் அடிக்குது, தாரணி. எடுக்க மாட்டேன். எடுத்தா என்னம்மா பண்றேம்பா, சைக்கிள்னு சொல்லிட்டா அங்கயே ஆரம்பிச்சுருவா. போன வாரமே ஆரம்பிச்சா. "அம்மா உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா, அப்பாவால ஹால்ல இருந்து பாத்ரூம் போக முடியலை, நீ சைக்கிள்ல ஏத்தப் போறியா? விழுந்து இடுப்பு உடைஞ்சா யாரும்மா பாக்கறது?" சரியாத்தான் கேட்டா. எனக்கும் ராவெல்லாம் அதேதான் ஓடுது, விழற சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்குது. ஆனா ரெஜினா போன்ல ஒரு வீடியோ காட்டினாங்களே. எங்கயோ வெளிநாட்டுல ஒரு ஆளு, ரெண்டு பேர் பிடிச்சும் ஒரு எட்டு வெக்க முடியலை, தரையில கால் ஒட்டிக்கிச்சு, அதே ஆளை சைக்கிள்ல ஏத்தி விட்டதும் போறான் பாருங்க, ஜம்முன்னு வளைஞ்சு திரும்பி வர்றான். நடக்கற வழி மூளையில அடைச்சுக்கிட்டாலும் மிதிக்கற வழி சில பேருக்குத் தொறந்தே இருக்குதாம். "எல்லாருக்கும் வராதுங்க அக்கா, திருமூர்த்தி சாருக்கு வருமான்னு எனக்குத் தெரியாது, பழகின வண்டியா இருந்தா நல்லது, ஆள் பிடிச்சுக்கிட்டே போகணும்"னு ஆயிரம் தடவை சொன்னாங்க. எனக்கு அந்த ஆளு வளைஞ்சு திரும்பினதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. இவரும் வீடியோவைப் பாத்தாரு. பாத்துட்டு என்னமோ சொன்னாரு, குனிஞ்சு கேட்டேன். "மாடிப்படிக்கடியில." அவ்வளவுதான் சொன்னாரு. மாடிப்படிக்கு அடியில பதினஞ்சு வருசமாச் சாக்கு மூடிக் கிடந்த வண்டியைச் சொன்னாரு. கண்ணுல தண்ணி நின்னுச்சு, மொகம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

பழகின வண்டிதான். எங்க காலனியிலயே முதல் கியர் வண்டி, ஹாஸ்டலைக் காலி பண்ணின காலேஜ் பையன் ஒருத்தன்கிட்ட வாங்கினது, கல்யாணத்துக்கு முன்னால. ஞாயித்துக்கிழமையானா மருதமலை. கேரியர் போடுங்க, நானும் வர்றேன்னா, மலை வண்டிக்குக் கேரியர் போட்டா வண்டிக்கே அசிங்கம் புள்ளம்பாரு. என்னை பஸ்ல ஏத்தி விட்டுட்டு இவர் சைக்கிள்ல வருவாரு, யாரு முதல்ல மேல போறதுன்னு பந்தயம். எப்பவும் பஸ்தான் ஜெயிக்கும், நான் மேல படிக்கட்டுல உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருப்பேன், வேர்த்து ஊத்தி வந்து சேருவாரு. ஒரே ஒரு கிருத்திகை அன்னைக்குக் கூட்டத்துல பஸ் வளைவுலயே நின்னு போச்சு. ஜன்னல் வழியாப் பாக்கறேன், பஸ்ஸை ஒட்டி மிதிச்சுக்கிட்டு வர்றாரு, என்னைப் பாத்தாரு, ஒரு சிரிப்பு, முப்பத்திரண்டு பல்லும் தெரியற சிரிப்பு, கை காட்டிட்டு ஏறிப் போயிட்டாரு. பஸ்ல இருந்தவங்க எல்லாம் என்னைப் பாத்தாங்க. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, இவர் என்ற வீட்டுக்காரர்னு கத்தணும் போலவும் இருந்துச்சு. அதைத்தான் நான் கேக்கறேன், மலை வேண்டாம், வேப்பமரம் வரைக்கும் போனாப் போதும். சிரிப்புக் கூட வேண்டாம்.

பத்து அம்பது. போச்சு, நேரம் ஓடுது. "பு..." என்னமோ மறுபடி சொல்றாரு. கையைத் திருப்பறாரு, திருப்பிக்கிட்டே இருக்கறாரு. "வர்றேங்க! ஒரு நிமிசம் பொறுக்க மாட்டீங்களா!" குழாயில ஏறியே நின்னுடலாம், அம்பத்தெட்டு கிலோ, வராம எங்க போவும். ஒரு கால், இன்னொரு... அம்மா! ஸ்பேனர் வழுக்கி கை போய் அந்தப் பக்கத்துப் பல்சக்கரத்துல அடிச்சுது. விரல் முட்டித் தோல் உரிஞ்சு ரத்தம். ரத்தத்தைப் பாத்ததும் எனக்குள்ள இருந்த எல்லாம் பொங்கிருச்சு, இட்லி, மாத்திரை, நீல சீட்டு, பித்தான், எல்லாம். "என்னங்க வேணும் உங்களுக்கு? காலையில இருந்து நை நைன்னு! பாத்ரூமா, தண்ணியா, என்ன எழவு வேணும், சொல்லித் தொலைங்களேன்!" தெருவுக்கே கேட்டிருக்கும். சொல்லி முடிச்சதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். எந்த வாயில ரெண்டு வருசம் திட்டினேனோ அதே வாய், திருந்தவே இல்லை. ரத்தக் கையைத் துண்டுல சுத்திக்கிட்டு உள்ள போனேன், அவர் முன்னால மண்டி போட்டு உக்காந்து, காதை அவர் வாய்கிட்ட வெச்சேன். மூச்சு தான் முதல்ல வந்துச்சு. அப்புறம் வார்த்தை ஒண்ணொண்ணா வந்துச்சு.

"பல்சக்கரம்... இருக்கற பக்கம்தான்... வலது. வண்டி... தலைகீழா இருக்குது, புள்ள. நீ... எடதை இறுக்கிக்கிட்டு இருக்கற."

திரும்பி வாசலைப் பாத்தேன். கவுந்து கிடக்குது வண்டி, என்ற கையை உரிச்ச பல்சக்கரம் அந்தப் பக்கம் இருக்குது, நான் மல்லுக்கட்டினது இந்தப் பக்கம். வண்டி கவுந்தா எடது வலதாகாதா? காயில் சுத்தினேன்னு பீத்திக்கிட்ட கை! முக்கால் மணி நேரமா நான் அதைக் கழட்டலை, என்ற பலமெல்லாம் போட்டு இன்னும் இன்னும் இறுக்கியிருக்கேன். "எப்பப் பாத்தீங்க?"ன்னேன். "ஆரம்பத்துலயே"ன்னாரு. அப்ப அந்தக் கை? இப்படியும் அப்படியும் திருப்பினாரே? அவர் மடியில இருந்த கையைப் பாத்தேன். ஆடவே இல்லை. மாத்திரை இறங்கி எவ்வளவு நேரமாச்சோ. அது ஆட்டம் இல்லை, திருப்பு, அந்தப் பக்கம் திருப்புன்னு காலையில இருந்து கத்திக்கிட்டு இருந்திருக்குது அந்தக் கை. நான் இன்னும் மாத்திரை இறங்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். "என்னை மன்னிச்சுருங்க"ன்னேன். பெடலுக்குச் சொல்றேன்னு நினைச்சிருப்பாரு. "அதுக்கு மட்டும் இல்லைங்க, கல்யாணத்தன்னைக்கு, பித்தான் போட்டன்னைக்கு, எல்லாத்துக்கும்." வந்துருச்சு. எப்படி வந்துச்சுன்னே தெரியலை. அவர் என்ற தலையில கையை வெச்சாரு, கனமா இருந்துச்சு. "நேரம் போகுது"ன்னாரு.

தோளைக் குடுத்து எழுப்பினேன். நாலு எட்டு நல்லா வந்தாரு, வாசப்படிகிட்ட வந்ததும் நின்னு போச்சு கால். வாசப்படின்னா அப்படித்தான் ஆகும் அவருக்கு, மாத்திரை இருந்தாலும் ஆகும், பசை போட்டு ஒட்டின மாதிரி நிப்பாரு, தள்ளினா விழுந்துடுவாரு. ரெஜினா சொல்லிக் குடுத்த வித்தை இருக்குது, காலுக்கு முன்னால எதையாவது குறுக்க வெக்கணும், வெச்சா தாண்டத் தெரியும். கையில ஸ்பேனர்தான் இருந்துச்சு. படிக்கு அந்தப் பக்கம் குறுக்க வெச்சேன். "இதைத் தாண்டுங்க." பாத்தாரு. எடது கால் அரை நொடி பிந்தி எந்திரிச்சுது, தாண்டிருச்சு. வண்டிகிட்ட வந்து திண்டுல சாஞ்சு நின்னுக்கிட்டு ஸ்பேனரை வாங்கினாரு, பெடல்ல போட்டாரு, என்ற கையை எடுத்து அவர் கை மேல வெச்சுக்கிட்டாரு. கடிகார முள்ளு போற பக்கம். ஒரு இழு. ரெண்டு இழு. நான் இறுக்கின இறுக்கு அப்படி. மூணாவது இழுவுல டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, இந்த வருசத்துல அதை விட நல்ல சத்தம் நான் கேக்கலை. மத்தது சொன்ன பேச்சைக் கேட்டுக் கழண்டுச்சு. புதுசு ரெண்டையும் மாட்டி வண்டியை நிமித்தறப்ப மணி பதினொண்ணு இருபது.

தெருவுல யாரும் இல்லை. வண்டியைத் திண்டோட ஒட்டி நிறுத்தி, அவர் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, உக்கார வெச்சேன். பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்கன்னேன், பிடிச்சாரு. சீட்டுக்குப் பின்னால ரெண்டு கையும் போட்டு இறுக்கிப் பிடிச்சேன், தள்ளினேன். முதல்ல கால் ரெண்டும் சும்மா தொங்கிச்சு. போச்சு, அவருக்கு வராதுன்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கறதுக்குள்ள வலது கால் பெடலைத் தேடிப் பிடிச்சுது, அமுக்கிச்சு, எடது தானா மேல வந்துச்சு, பிந்தலை, அரை நொடி கூடப் பிந்தலை. மிதிக்கறாரு. மிதிக்கறாருங்க! நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, விரல் முட்டியில ரத்தத்தோட, தெருவுல நான் ஓடறேன். பால்காரர் வீடு தாண்டியாச்சு, இஸ்திரி வண்டி தாண்டியாச்சு, சீட்டு என்ற கையில நடுங்கலை, நேராப் போகுது, நான் பிடிச்சிருக்கறதுதான் அதை இழுக்குது போல.

"விடு"ன்னாரு.

கேட்டுச்சு. காலையில இருந்து ஒரு வார்த்தை கேக்காத காதுக்கு அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. விட்டா விழுவாரு. இடுப்பு உடையும். தாரணி கார் இந்நேரம் அவிநாசி தாண்டியிருக்கும். வேப்பமரம் இன்னும் பத்து வீடு.

"என்னங்க? கேக்கலை"ன்னேன்.

காலையில இருந்து பத்துத் தடவை சொன்னேன் அதை, பத்தும் நெசம். இது மட்டும்தான் பொய். அவருக்கும் தெரிஞ்சிருக்கும், முதுகு அப்படி ஒரு தினுசா நிமிந்துச்சு. நெஞ்சு விரிய மூச்சை இழுத்தாரு.

"விடு புள்ள!"

இஸ்திரிக்காரர் திரும்பிப் பாத்தாரு. மாடியில துணி காயப் போட்டவங்க எட்டிப் பாத்தாங்க. மூணு வருசமாச்சு அந்தக் குரலைக் கேட்டு. கையை எடுத்துட்டேன். ஓடறதை மட்டும் நிறுத்த முடியலை.